ரிட்டர்ன் ஒண்ணுன்னு எழுதுனா சிரிக்கிறாங்க

டெஸ்ட் ட்ரிவன் டெவலப்மென்ட், சுருக்கமா டிடிடி, இத பத்தி நம்ம ஊர் ஐடி கம்பெனில யார்கிட்ட கேட்டாலும் தெரியும்னுதான் சொல்லுவாங்க. இன்டர்வியூல கேட்டா ரெட், கிரீன், ரீஃபாக்டர்னு கடகடன்னு ஒப்பிப்பாங்க. மொதல்ல டெஸ்ட் எழுதணும், அதாவது கோட் சரியா வேல செய்யுதான்னு பாக்குற சின்ன கோட், அது ஃபெயில் ஆகணும், அதான் சிவப்பு, அப்புறம் அது பாஸ் ஆகி பச்சை வர்ற அளவுக்கு மட்டும் கோட் எழுதணும், அப்புறம் எழுதுன கோட ஒழுங்கு பண்ணணும். ஆனா அதே ஆளு சீட்ல உக்காந்து வேல பாக்குறத பின்னாடி நின்னு பாத்தீங்கன்னா, கோட் முழுசும் எழுதி முடிச்சு, கவரேஜ், அதாவது டெஸ்ட் ஓட்டி பாத்த கோட் எவ்ளோங்குற அளவு, பத்தலன்னு பில்ட் அடிபட்டதுக்கு அப்புறம்தான் டெஸ்ட் ஃபைலையே தொறப்பாங்க. குத்தம் சொல்லல, டெட்லைன் அந்த மாதிரி.

எங்க டீமுக்கு புதுசா வர்ற ஃப்ரெஷர்ஸுக்கு இத சொல்லிக்குடுக்குற வேல கொஞ்ச வருஷமா என் தலைல இருக்கு. யாரும் ஆர்டர் போட்டு குடுத்தது இல்ல, ஒரு தடவ நான் எடுத்தேன், அப்படியே என் பேர்ல ஒட்டிக்கிச்சு. நான் இதுக்கு எடுத்துக்குறது எல்லாமே ஸ்கூல் பசங்க போடுற மாதிரி சின்ன சின்ன கணக்குங்கதான். மேனேஜருக்கு அது பிடிக்கல, ப்ராஜெக்ட்ல அத்தன சர்வீஸ் ஓடுது நீங்க என்னம்மா ஃபிஸ்பஸ் சொல்லிக்குடுத்துட்டு இருக்கீங்கன்னு கேட்டாரு. டூ வீலர் ஓட்டி பழக யாரும் நேரா மவுன்ட் ரோட்டுக்கு போக மாட்டாங்க சார், காலி கிரவுண்டுக்குதான் போவாங்கன்னு சொன்னேன். சிரிச்சிட்டு விட்டுட்டாரு. ஆனா நான் நெஜமாவே சொல்ல நெனச்சது வேற. விடை முன்னாடியே தெரிஞ்ச கணக்குலதான் நம்ம கை எப்படி ஓடுதுன்னு நம்மளே பாக்க முடியும், விடை தெரியாத கணக்குல மொத்த கவனமும் விடை மேலயே போயிடும், கை என்ன பண்ணுதுன்னு யாரு கவனிக்கிறா.

ஃபிஸ்பஸ் தெரியாதவங்களுக்கு: 3-ஆல வகுபடுற எண்ணுக்கு ஃபிஸ், 5-ஆல வகுபட்டா பஸ், ரெண்டாலயும் வகுபட்டா ஃபிஸ்பஸ், மத்ததுக்கு அந்த எண்ணே. காலேஜ் முடிச்சு வர்ற யாரும் அஞ்சு நிமிஷத்துல எழுதிடுவாங்க. நான் கேக்குறது, மொதல் டெஸ்ட் எழுது, 1 குடுத்தா "1" வரணும், அது ஃபெயில் ஆகட்டும், இப்ப பாஸ் பண்ண வை, ஆனா அதுக்கு மேல ஒரு எழுத்து கூட எழுதாத. அப்ப ஃபங்ஷன் உள்ள என்ன இருக்கும்? ரிட்டர்ன் "1", எது குடுத்தாலும் "1"-ன்னே திருப்பி குடுக்குறது. அவ்ளோதான். இந்த எடத்துல எந்த பேட்சா இருந்தாலும் சிரிப்பாங்க. திருநெல்வேலி பக்கத்துல இருந்து வந்த ஒரு தம்பி, "அக்கா இது எக்ஸாம்ல பிட்டு வச்சு எழுதுற மாதிரில்லா இருக்கு"ன்னு சொன்னான். ரெண்டாவது டெஸ்ட், 2 குடுத்தா "2". இப்ப பிட்டு செல்லாது, அந்த எண்ணையே ஸ்ட்ரிங்கா, அதாவது எழுத்தா, மாத்தி திருப்பணும். பொதுவான கோட் எழுத ஒரு காரணம் வந்தப்புறம்தான் எழுதுனோம், அதுக்கு முன்னாடி இல்ல. இதுல கஷ்டமான பகுதியே இந்த பொறுமதான், டெஸ்ட் எழுதுறது இல்ல.

சில பேருக்கு கை நிக்காது. 3-க்கு டெஸ்ட் எழுது, 5-க்கு டெஸ்ட் எழுதுன்னா கோட்ல 3, 5, 15 மூணுக்கும் இஃப் போட்டு முடிச்சிருப்பாங்க. ரன் பண்ணா எல்லாம் பச்சை. முடிஞ்சிடுச்சு அக்கான்னு லேப்டாப்ப திருப்பி காட்டுவாங்க. சரி, அந்த 15 லைன மட்டும் அழிச்சிட்டு ரன் பண்ணுன்னு சொல்லுவேன். அழிச்சாலும் பச்சைதான். கோட் ஒடஞ்சிருக்கு, டெஸ்ட் எதுவுமே அத கண்டுக்கல, ஏன்னா 15-ஐ கேட்டு எந்த டெஸ்ட்டும் இல்ல. நான் வாயால எவ்ளோ சொன்னாலும் ஏறாதது இந்த ஒரு லைன அழிச்சு காட்டுனா ஏறிடுது, அதனால இப்பல்லாம் லெக்சரே குடுக்குறது இல்ல, நேரா டிலீட் கீதான்.

சிவப்ப ஏன் கண்ணால பாத்தே ஆகணும்ங்குறதுக்கும் இதேதான். பைத்தான்ல டெஸ்ட் ஓட்டுற பைடெஸ்ட்ங்குற கருவிய வச்சு எழுதும்போது ஃபங்ஷன் பேரு டெஸ்ட்ங்குற எழுத்துல ஆரம்பிச்சாதான் அது டெஸ்ட்னு எடுத்துக்கும், அவசரத்துல ஒரு எழுத்து மாறி டைப் ஆயிடுச்சுன்னா எரர் கூட குடுக்காது, கண்டுக்காம போயிடும். இதவிட மோசம் காப்பி பேஸ்ட். ஒரு டெஸ்ட்ட காப்பி பண்ணி கீழ போட்டு உள்ள இருக்குற எண்ண மட்டும் மாத்திட்டு பேர மாத்த மறந்துட்டா, ஒரே பேர்ல ரெண்டு ஃபங்ஷன், பைத்தான் கடைசியா இருக்குறத மட்டும் வச்சுக்கும், மேல இருக்குறது காத்தோட போச்சு. எழுதுன ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒரு தடவ சிவப்பா வந்ததையும், ஓடுன டெஸ்ட் எண்ணிக்கை ஒண்ணு ஏறுனதையும் பாத்தவங்களுக்கு இது ரெண்டும் அங்கயே மாட்டிடும், பாக்காதவங்க கிட்ட வருஷக்கணக்குல பச்சையாவே ஓடிட்டு இருக்கும்.

இந்த பச்சை சிவப்பு பழக்கத்த எல்லாரும் பண்ண வச்சதுல ஜாவால டெஸ்ட் எழுதுற கருவியான ஜேயூனிட்டுக்கு பெரிய பங்கு உண்டு. 1997-ல கென்ட் பெக், எரிக் காமாங்குற ரெண்டு ப்ரோக்ராமருங்க ஜூரிச்ல இருந்து அட்லான்டாவுக்கு ஒரு மாநாட்டுக்கு ஃப்ளைட்ல போகும்போது சேந்து உக்காந்து எழுத ஆரம்பிச்சது அது. பசங்களுக்கு இந்த கதை ரொம்ப பிடிக்கும். நம்மாளுங்க ஃப்ளைட்ல ஏறுனா சீட் பெல்ட் போட்டு முடிக்கிறதுக்குள்ள தூங்கிடுறோம்.

ஃபிஸ்பஸ் முடிஞ்சதும் நான் குடுக்குறது நம்ம ஊர் கமா கணக்கு. எனக்கு இருக்குறதுலயே ரொம்ப பிடிச்சது இதுதான். ஒரு எண்ண குடுத்தா நம்ம முறைப்படி கமா போட்டு ஸ்ட்ரிங்கா திருப்பணும், ஒரு லட்சம்னா 1,00,000, ஒரு கோடின்னா 1,00,00,000. 0, 7, 999 வரைக்கும் ஒண்ணும் இல்ல. 1000 வந்ததும் விவரமான புள்ளைங்க பைத்தான்லயே கமா போடுற ஃபார்மேட் இருக்கேன்னு அத எடுத்து போடுவாங்க, பாஸ் ஆகும். 25,000 பாஸ். 99,999 பாஸ். அதுவரைக்கும் வெள்ளைக்காரன் கமாவும் நம்ம கமாவும் ஒண்ணுதான். 1,00,000-க்கு டெஸ்ட் எழுதுனதும்தான் 100,000-ன்னு வந்து சிவப்பு அடிக்கும். அதாவது 99,999 வரைக்கும் நூறு டெஸ்ட் எழுதி வச்சிருந்தாலும் அத்தனையும் சேந்து ஒண்ணும் சொல்லல, ஒரே ஒரு டெஸ்ட்தான் பேசுது. எத்தன டெஸ்ட் இருக்குன்னு கேக்குறத விட எந்த டெஸ்ட் எதுல இருந்து எத பிரிச்சு காட்டுதுன்னு கேக்கணும்ங்குறது இங்க தானா வெளிய வரும்.

சரி, அந்த ஃபார்மேட்ட தூக்கிட்டு கையால எழுதுறாங்க. கடைசி மூணு இலக்கத்த வெட்டு, மீதில கடைசி ரெண்ட வெட்டு, நடுவுல கமா. 1,00,000 பச்சை. 10,00,000-மும் அதே கோட்லயே பச்சை. 1 கோடி குடுத்தா 100,00,000-ன்னு வரும், முன்னாடி மிச்சம் இருக்குறதுல மூணு இலக்கம் ஒட்டிக்கிட்டு நிக்கும். இப்பதான் லூப் வேணும். மொதல்லயே லூப் போட்டவங்களும் இருப்பாங்க, போட்டு இண்டெக்ஸ்ல சிக்கி அரை மணி நேரம் முழிச்சிட்டு இருப்பாங்க, டெஸ்ட் கேட்டப்ப மட்டும் போட்டவங்களுக்கு லூப்போட வடிவம் ஏற்கனவே கண்ணு முன்னாடி இருக்கும், ரெண்டு தடவ கையால பண்ணத திரும்ப பண்ண சொல்லணும், அவ்ளோதான்.

அப்புறம் மைனஸ். அக்கவுன்ட்ஸ்ல மைனஸ் இல்லாம இருக்குமா. மைனஸ் 5000-க்கு ஒரு டெஸ்ட் எழுதுவாங்க, கோட்ல கையே வைக்காம பாஸ் ஆகும், -5,000, அழகா இருக்கு. மைனஸும் ஓகேன்னு நெனச்சுடுவாங்க. மைனஸ் 100 போட்டு பாருன்னு சொன்னா வரும் பாருங்க, -,100. மைனஸ் குறிய ஒரு இலக்கமா எண்ணிட்டு அதுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு கமா. மைனஸ் 10000 போட்டா -,10,000. 5000 தப்பிச்சது அதிர்ஷ்டம், மைனஸும் 5-ம் சேந்து ரெண்டு எழுத்து ஆனதால ஜோடின்னு நெனச்சு விட்டுடுச்சு. இத ஒரு பொண்ணு தானா கண்டுபிடிச்சு வெள்ள போர்டுல போட்டு காட்டுனப்ப மத்தவங்க எல்லாரும் அவங்கவங்க கோட ஓட்டி பாத்தாங்க, பாதி பேருக்கு அதே கமா. அதுக்கப்புறம் கேள்வி வர ஆரம்பிச்சுது, பைசா வந்தா என்ன பண்றது, ஒரு லட்சம் கோடிய 10,00,00,00,00,000-ன்னுதான் போடணுமா இல்ல பேப்பர்ல போடுற மாதிரி 1,00,000 கோடின்னு காட்டணுமான்னு. இந்த கேள்விய எல்லாம் கோட் எழுதி டெலிவரி பண்ணி கிளையன்ட் கத்துனதுக்கு அப்புறம் கேக்குறதுதான் நம்ம வழக்கம். டெஸ்ட்ல விடைய மொதல்ல எழுதணும்னா விடை என்னன்னு யார்கிட்டயாவது போய் கேட்டே ஆகணும், பிசினஸ் அனலிஸ்ட் கிட்ட எந்திரிச்சு போக வைக்கிறதுக்கு இதவிட நல்ல வழி எனக்கு தெரியல.

லீப் வருஷ கணக்கும் குடுப்பேன், ஆனா அதுல ரொம்ப நேரம் நிக்க மாட்டேன். 2024 ஆமா, 2023 இல்ல, 1900 இல்ல, 2000 ஆமா, நாலு டெஸ்ட்ல முடிஞ்சுடும். 1900-ஐ விட்டுட்டா என்ன ஆகும்னு கேக்குறவங்களுக்கு எக்செல்ல காட்டுவேன், அதுல இன்னைக்கும் 1900 பிப்ரவரி 29-ன்னு ஒரு நாள் இருக்கு, லோட்டஸ் 1-2-3-ங்குற பழைய ஸ்ப்ரெட்ஷீட் சாஃப்ட்வேர்ல இருந்த தப்ப பொருந்தி போகணும்னு அப்படியே எடுத்துக்கிட்டாங்க, இப்ப மாத்துனா உலகத்துல இருக்குற ஷீட்டெல்லாம் ஆடிடும்னு வச்சிருக்காங்க.

வெளிநாட்டுல இந்த பயிற்சிக்கு பவுலிங் ஸ்கோர் கணக்கு ரொம்ப பேர் போனது, பத்து கட்டைய உருண்டைய விட்டு சாய்ப்பாங்களே அது. நானும் மொதல்ல அததான் வச்சிருந்தேன், ஆனா ஸ்பேர்னா என்ன, ஸ்ட்ரைக் அடிச்சா அடுத்த ரெண்டு பாலையும் ஏன் சேக்கணும்னு விளக்குறதுக்கே பாதி செஷன் போயிடும், மால்ல ஒரு தடவ ஆடிட்டு வந்தவங்களுக்கும் மெஷின்தானே ஸ்கோர் போடுது. அத எடுத்துட்டு கிரிக்கெட் ஓவர் கணக்கு வச்சேன். 119 பால்னா 19.5, இன்னொரு பால் சேந்தா 20.0. ஒய்டும் நோ பாலும் எண்ணிக்கைல சேராது. ரன் ரேட் போடும்போது 19.3-ன்னா அது 19-ம் அரையும், புள்ளி மூணுன்னு அப்படியே வகுத்தா தப்பு. நெட் ரன் ரேட்னு வந்துட்டா டி20-ல 17.2 ஓவர்லயே ஆல் அவுட் ஆன டீமுக்கும் முழு 20 ஓவர் கணக்குலதான் வகுக்கணும். இந்த ரூல் எதையும் நான் சொல்லவே வேணாம், கிளாஸ்ல பாதி பேரு என்னை விட நல்லா சொல்லுவாங்க, ஐபிஎல் சீசன்னா சண்டையே வரும். விடை எல்லாருக்கும் அத்துப்படி, அப்புறம் கவனிக்க மிச்சம் இருக்குறது அடுத்த டெஸ்ட் எது, எவ்ளோ சின்னதா எடுத்து வைக்கலாம்ங்குறது மட்டும்தான்.

இதெல்லாம் ப்ராஜெக்ட்ல எங்க வந்து நிக்கும்னு கேப்பீங்க. ஒரு இன்வாய்ஸ் வேலைல வந்து நின்னுச்சு. வரித் தொகைய கிட்ட இருக்குற முழு ரூபாய்க்கு ரவுண்ட் பண்ணணும், ஜிஎஸ்டி சட்டத்துல 50 பைசாவும் அதுக்கு மேலயும் இருந்தா அடுத்த ரூபாய், கம்மியா இருந்தா விட்டுடணும். ஒரு லைன் வேல, பைத்தான்ல ரவுண்ட்னு ஃபங்ஷனே இருக்கு. அந்த -,100 போட்டு காட்டுன பொண்ணுகிட்டதான் வேல போச்சு, 113.50-க்கு 114 வரணும்னு டெஸ்ட், பாஸ். விட்டிருக்கலாம். 112.50-க்கு 113-ன்னு இன்னொண்ணு எழுதுனா, வந்தது 112. பைத்தான் ரவுண்ட் சரி பாதில இருந்தா பக்கத்துல இருக்குற ரெட்டப்படை எண்ணுக்கு போகும், 113.50 மேல போனதும் 112.50 கீழ போனதும் அதனாலதான். டெசிமல் மாட்யூல்ல பாதின்னா மேல ஏத்துன்னு சொல்ற முறைய போட்டு சரி பண்ணாங்க. ரிவ்யூல நான் அந்த கோட பாத்திருந்தா கண்டிப்பா ஓகேன்னுதான் சொல்லிருப்பேன், ரவுண்ட்ல யாரு சந்தேகப்படுவா.

இதனால டிடிடி எல்லாத்தையும் குடுத்துடும்னு நான் நம்பல. 2006 வாக்குல ரான் ஜெஃப்ரீஸ், டிடிடி பத்தி பேசுறவங்கள்ல பெரிய ஆளு, சுடோக்கு சால்வர ஒவ்வொரு டெஸ்ட்டா எழுதி கட்டி பாத்தாரு, பல பகுதியா எழுதியும் அது போய் சேரல. பீட்டர் நார்விக்னு ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி அதே கணக்க, எந்த கட்டத்துல எது வரக்கூடாதுங்குற கன்ஸ்ட்ரெயின்ட், மிச்சத்த போட்டு பாத்து தேடுற சர்ச்னு யோசிச்சு சின்ன ப்ரோக்ராம்ல முடிச்சாரு. அல்காரிதம் தெரியலன்னா டெஸ்ட் அத வரவழைக்காது, நோட்டும் பென்சிலும் எடுத்துட்டு தனியா உக்காந்துதான் ஆகணும். ஸ்க்ரீன் டிசைன், பத்து வருஷம் பழைய கோட்ல கைய வைக்கிறது இதுலயும் டெஸ்ட் ஃபர்ஸ்ட்னு நான் யாரையும் வற்புறுத்துறது இல்ல, பழைய கோட்ல இப்ப என்ன நடக்குதோ அத டெஸ்டா பிடிச்சு வச்சுட்டு அப்புறம் மாத்துனா போதும்.

இந்த பேட்ச்ல ஓவர் கணக்கு முடிச்ச பசங்க அடுத்து டக்வொர்த் லூயிஸ் போடலாமான்னு கேட்டாங்க. ஆர்வம் சந்தோஷம்தான், ஆனா மழ வந்தா டார்கெட் எவ்ளோன்னு டிவில காட்டுறதுக்கு முன்னாடி அவங்கள்ல ஒருத்தராவது சொல்ல முடியுமான்னு கேட்டேன், மிச்ச ஓவர், விக்கெட்ட வச்சு கணக்கு போடுற ரிசோர்ஸ் டேபிள் இல்லாம முடியாதுன்னு ஒத்துக்கிட்டாங்க. அப்ப டெஸ்ட்ல எதிர்பாக்குற விடைன்னு என்ன எழுதுவீங்க? அது வேணாம், ஈபி பில் ஸ்லாப் கணக்கு எடுத்துக்கோங்க, பில்லு எல்லார் வீட்லயும் இருக்கு, நாளைக்கு வரும்போது ஆளுக்கொரு பழைய பில்ல கொண்டு வாங்கன்னு சொல்லி அனுப்பிருக்கேன்.