சுத்தியல் படாமல் கழன்ற கீல் ஆணி

எங்கள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன் சீட் நேற்று மாலைதான் மறுபடி ஒழுங்காகக் கவிழ்ந்து நிமிர்ந்தது. இரண்டு கதவு வண்டி. முன் சீட்டைக் கவிழ்த்தால்தான் பின்னால் ஏற முடியும். பின்னாளில் நான்கு கதவோடு வந்த மார்க் 3 ஆக இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை. அம்மாவுக்குப் பின் சீட்தான் வேண்டும். மூன்று மாதமாக அவர் வண்டியில் ஏறவே இல்லை. எல்லாம் சீட்டின் அடியில், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இரண்டு கீல் ஆணிகளால்.

கதவுப் பக்கத்து ஆணி தேய்ந்து ஆடியது. உள்பக்கத்து ஆணி துருவேறி இறுகிவிட்டது. ஒரு பக்கம் சுழல, மறுபக்கம் பிடிக்க, சீட் கோணலாக எழும்பும். நான் முதலில் நம்பிப் போன மெக்கானிக், பஞ்ச் என்ற இரும்புக் குச்சியை ஆணி மேல் வைத்து ஓங்கி அடித்தார். ஆணி அசையவில்லை, அதைத் தாங்கும் தகட்டுக் காதுதான் வளைந்தது. அந்தக் காதை நிமிர்த்தவே எனக்கு அரை நாள் ஆனது. பழைய வண்டிச் சீட்டுக்கு யாராவது சுத்தியலைத் தூக்கினால் தயங்காமல் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

அடுத்தது சென்னையின் பழைய வண்டிப் பாகச் சந்தையான புதுப்பேட்டை. தொலைபேசியில் கேட்டபோது, ஹெரால்டு கீல் ஜோடியாகவே இருக்கிறது என்றார் ஒரு கடைக்காரர். கோவையிலிருந்து இரவு ரயிலேறி விடிந்ததும் கடை வாசலில் நின்றேன். அவர் எடுத்து வைத்தது கதவுக் கீல். "கீல் என்றுதானே கேட்டீர்கள்?" என்றார். அவ்வளவுதான், அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். ரயிலேறும் முன்பு பொருளை அளவுகோலோடு வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை, இரண்டு இரவுத் தூக்கமும் ஒரு நாள் சம்பளமும் போனது.

திரும்பி வரும் வழியில்தான் முடிவு செய்தேன்: அடிக்கக் கூடாது, அழுத்த வேண்டும். போல்ட்டைத் திருகத் திருக ஆணியை மெல்லத் தள்ளும் ஒரு கருவி போதும். பட்டறையில் கிடந்த வார்ப்பிரும்பு சி-கிளாம்ப்பைத் துளைத்து முயன்றேன். மூன்றாவது திருகிலேயே வளைவில் விரிசல் விட்டது. வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்காது, நேராக உடையும். அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிறகு 40 மி.மீ. அகலமும் 10 மி.மீ. கனமும் உள்ள இரும்புப் பட்டையில் மூன்று துண்டு வெட்டி, 'ப' வடிவில் வெல்டிங் வைக்கக் கொடுத்தேன். 'ப'வின் ஒரு கையில் எம்12 நட் (12 மி.மீ. போல்ட்டுக்கானது), எதிர்க் கையில் ஆணி வெளியேற ஒரு துளை. வாங்கி வந்து பார்த்தால் போல்ட்டின் முனை துளைக்கு 2 மி.மீ. தள்ளி நின்றது. வெல்டிங் சூடு ஆறும்போது கையை இழுத்துவிட்டிருந்தது. முழுவதையும் கிரைண்டரில் வெட்டி மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை இரு கைப் பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே மூச்சில் துளையிட்டேன். நீளமான கம்பி ஒன்றை இரண்டு துளையிலும் கோத்து, அது தடையின்றிச் சுழல்கிறதா என்று ஒவ்வொரு பொட்டு வெல்டுக்குப் பிறகும் பார்த்த பின்பே முழு வெல்டிங். நட்டைப் பற்றவைக்கும்போது பழைய போல்ட் ஒன்றைத் திருகி வையுங்கள், மரை நெளியாது.

போல்ட் உறுதியான 8.8 தரம். லேத்தில் அதன் நுனியில் 7 மி.மீ. குழி போட்டுக்கொண்டேன். அந்தக் குழியில் நிற்கும் துண்டுதான் ஆணியைத் தள்ள வேண்டும். பேரிங்கிலிருந்து எடுத்த ஊசி உருளையை வைத்தேன். ஸ்பேனரைச் சற்று அழுத்தியதும் வெடி போல உடைந்து, ஒரு சில் என் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கண்ணாடி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. எம்12 போல்ட் ஒரு முழுச் சுற்றுக்கு 1.75 மி.மீ.தான் நகரும். ஆகவே கையில் லேசாகத் தெரியும் விசை, முனையில் ஒரு டன்னைத் தாண்டிவிடும். 6 மி.மீ. ஆலன் கீயை வெட்டிய துண்டுதான் கடைசியில் தாங்கியது.

ஆனாலும் ஆணி நகரவில்லை. அன்றிரவு விளக்கை மிக அருகில் பிடித்து ஆணியின் முனையைப் பார்த்தேன். பெயின்ட் ஓரத்தில் மெல்லிய வட்டக் கோடு. நகத்தால் சுரண்டியதும் பெயின்ட் உரிந்து, காளான் தலை போல விரிந்த முனை தெரிந்தது. கழன்று வராதபடி தட்டி விரித்த தலை! மெக்கானிக்கும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இத்தனை நாளும் அந்தத் தலையைத்தான் துளைக்குள் இழுக்கப் பார்த்திருக்கிறோம். அரத்தால் தலையைத் தகட்டு மட்டத்துக்கு ராவி, மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவிட்டேன்.

காலையில் கருவியை மாட்டிக் கால் சுற்று. 'டக்' என்று ஒரு சத்தம், செம்பொடி உதிர்ந்தது. அடுத்தடுத்த சுற்றுகளில் ஆணி எதிர்த் துளை வழியாக வழுக்கி வந்தது. காது ஒரு நூலளவும் வளையவில்லை. கதவுப் பக்கத்து ஆணியையும் எடுத்து வெர்னியரில் வைத்தேன்: இரு முனைகளிலும் 8 மி.மீ., நடுவில் 6.4. உடுக்கை போல இடை சிறுத்திருந்தது.

மீதி எளிது. துளைகளை ரீமரால் 10 மி.மீ.க்கு அகலமாக்கி, இஎன்8 எஃகுக் கம்பியில் புது ஆணி கடைந்து, வாஷரும், ஆணி கழலாமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையமும் போட்டேன். இனிக் கழற்ற சர்க்ளிப் பிளையர் போதும்.

நேற்று அம்மா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், முன் சீட்டை இரண்டு முறை கவிழ்த்து நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லையே" என்றார். ஓட்டுநர் சீட்டில் இரண்டு ஆணி பாக்கி. தலையை இப்போதே ராவி மண்ணெண்ணெய் விட்டாயிற்று.