இரும்பு பாதி, மாங்கனீசு பாதி: உலையோரக் குறிப்புகள்

மார்ச் 3

லித்தியம் பேட்டரியின் நேர்முனைக்கான பாஸ்பேட் பொடிகள், மூன்று கலவைகளுக்கும் எடை போட்டாயிற்று. இரும்பில் மாங்கனீசு கலந்தால் மின்கடத்தல் என்னாகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்று லித்தியம் இரும்பு பாஸ்பேட், ஒன்று லித்தியம் மாங்கனீசு பாஸ்பேட், நடுவில் இரண்டும் பாதிப்பாதி. இரும்புக்கு ஆக்சலேட், மாங்கனீசுக்கு கார்பனேட். அகேட் கல்வத்தில் இரண்டு மணி நேரம் அரைத்ததில் மணிக்கட்டு விட்டுப்போனது. பந்து அரவை இயந்திரம் இந்த வாரமும் வேறொருவர் பெயரில்.

மார்ச் 5

350 டிகிரியில் முதல் சூடு. அம்மோனியாவும் கரியமில வாயுவும் வெளியேற வேண்டும். உலைக்குழாயின் வாய்ப்புறம் வெள்ளையாகப் படிந்திருந்தது. காற்று புகுந்தால் இரும்பு மூன்று நேர்மின் நிலைக்கு ஏறி, பொடி செம்மண் நிறமாகிவிடும். இந்த முறை வெளிர் சாம்பல்தான், பிழைத்தேன்.

மார்ச் 8

650 டிகிரி, ஆர்கானில் பத்து மணி நேரம். காலையில் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே சிதறலை வைத்துப் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) எடுத்தேன். செம்பு எக்ஸ்ரேக்கு இரும்பும் மாங்கனீசும் ஒளிர்வதால் பின்னணி கொஞ்சம் மேடுதான். ஆனாலும் மூன்றும் சுத்தமான ஒலிவைன், அதாவது இந்தப் பாஸ்பேட்டுகளுக்கு உரிய படிக அமைப்பு. மாங்கனீசு அயனி சற்றுப் பெரியது (0.83 ஆங்ஸ்ட்ராம், இரும்புக்கு 0.78), அதனால் அது ஏற ஏற அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சின்னப் பெட்டி) விரிகிறது. அந்தக் கூட்டின் ஒரு பக்கமான a அச்சு இரும்புப் பொடியில் 10.33 ஆங்ஸ்ட்ராம், மாங்கனீசில் 10.45. பாதிப்பாதிப் பொடி சரியாக நடுவில் வந்து உட்கார்ந்தது. அப்படியென்றால் இரண்டு உலோகங்களும் தனித்தனிப் படிகங்களாகப் பிரியாமல் ஒரே கூட்டில் கலந்திருக்கின்றன.

மார்ச் 11

பொடிகளை அழுத்தி பெல்லட் (சின்ன வில்லை) செய்தேன். பாதிப்பாதி பெல்லட் மட்டும் விரிசல் விட்டது. மறுபடி அழுத்தி, கெட்டியாகட்டும் என்று 800 டிகிரியில் வைத்தேன். சுத்த ஆர்கான் சிலிண்டர் தீர்ந்திருந்ததால் ஹைட்ரஜன் கலந்த ஆர்கான்.

மார்ச் 14

இன்று தலை சுற்றியது. வெள்ளிப் பசை தடவி இம்பீடன்ஸ் எடுத்தேன், அதாவது அதிர்வெண்ணை மாற்றி மாற்றி மின்தடையை அளப்பது. வரைபடத்தில் அது அரைவட்டமாக வரும், அதன் அகலம்தான் தடை. இரும்பு பெல்லட் எதிர்பார்த்தபடியே நூறு மெகாஓம் பக்கம். அரைவட்டம் முழுதாக மூடவே இல்லை. மாங்கனீசு அதைவிட மோசம், கருவியின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. பாதிப்பாதியோ சில கிலோஓம்தான்! அரைவட்டம் வரவேண்டிய இடத்தில் ஒற்றைப் புள்ளி. அயனி ஓடினால் வெள்ளியில் முட்டி நின்று, தாழ் அதிர்வெண்ணில் கோடு வால் போல நீளும். அந்த வால் கூட இல்லை, அதனால் ஓடுவது லித்தியம் அயனி அல்ல, எலெக்ட்ரான்.

ஜூனியர் எட்டிப் பார்த்து, “அண்ணா, பேப்பர் போட்டுடலாமா?” என்றான். எனக்கும் அரை நொடி ஆசை வந்தது.

மார்ச் 15

தூக்கம் வரவில்லை. இது நடக்கக் கூடாத விஷயம். இந்தப் படிகத்தில் எலெக்ட்ரான் ஓடுவதில்லை, தாவுகிறது. ஓர் இரும்பிலிருந்து அடுத்த இரும்புக்கு, சுற்றியிருக்கும் ஆக்சிஜன்களைக் கொஞ்சம் நெளித்துக்கொண்டே. அந்தத் தாவும் வழியில் பாதி இடங்களை மாங்கனீசுக்குக் கொடுத்தால் படிக்கட்டில் பாதிப் படிகளைப் பெயர்த்த மாதிரி. மாங்கனீசிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்க 4.1 வோல்ட் வேண்டும், இரும்பிலிருந்து 3.45 போதும். கடத்தல் குறையத்தான் வேண்டும். எப்படிக் கூடும்?

மார்ச் 17

பழைய சண்டை ஒன்று ஞாபகம் வந்தது. 2002-ல் யெட்-மிங் சியாங் குழு, நியோபியம் போன்ற உலோகத்தைத் துளி சேர்த்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் கடத்துதிறன் ஏறக்குறைய பத்துக் கோடி மடங்கு கூடுகிறது என்று எழுதியது. 2004-ல் லிண்டா நாசர் குழு, கடத்துவது படிகமல்ல, துகள்களின் விளிம்பில் வலைபோலப் படர்ந்த பாஸ்பைடு என்றது. பாஸ்பேட் அதிக சூட்டில் ஆக்சிஜனை இழந்தால் மிஞ்சும், உலோகம் போல மின்சாரம் கடத்தும் பொருள் அது. ஹைட்ரஜன் அந்த இழப்பைத் தூண்டும்.

அப்புறம்தான் உறைத்தது. நான் எக்ஸ்ஆர்டி எடுத்தது 650 டிகிரிப் பொடியை. மின்தடை அளந்தது 800 டிகிரியில் ஹைட்ரஜன் பட்ட பெல்லட்டை. இரண்டும் ஒன்றே என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 18

பெல்லட்டில் பாதியை உடைத்துப் பொடித்து, மெதுவான ஸ்கேன் போட்டேன். 40.3 டிகிரியில் சின்ன மேடு, இரைச்சலிலிருந்து கொஞ்சம்தான் தலை நீட்டியிருக்கிறது. இரும்பு பாஸ்பைடின் முதன்மைக் கோடு விழும் இடம் அதுதான். மிச்சப் பாதியைச் சூடேற்றி அளந்தேன். 30-லிருந்து 150 டிகிரி வரை தடை ஏறக்குறைய அசையவில்லை. தாவும் எலெக்ட்ரானாக இருந்தால் பல நூறு மடங்கு சரிந்திருக்கும்.

மார்ச் 24

புது சிலிண்டர் வந்தது. புது பெல்லட், 650 டிகிரி, சுத்த ஆர்கான். ஓரம் தொட்டால் உதிர்கிறது, நுண்துளையும் அதிகம், பரவாயில்லை. அறை வெப்பத்தில் தடை இரும்பு பெல்லட்டைவிட அதிகம். 150 டிகிரிக்குப் போனதும் அரைவட்டம் அழகாக மூடியது. ஆர்ரீனியஸ் கோட்டின் (வெப்பத்தோடு கடத்தல் மாறுவதைக் காட்டும் கோடு) சரிவும் இரும்பை விடச் செங்குத்து, அதாவது எலெக்ட்ரான் தாவுவது இங்கே இன்னும் கடினம்.

14-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. ஓரத்தில் “800, ஹைட்ரஜன்” என்று சிவப்பில் எழுதினேன். நாளை இரும்பு பெல்லட்டின் மறுபக்கத்தையும் உரசிப் பார்க்க வேண்டும். அதன் மேல் எனக்கு இப்போது அவ்வளவு நம்பிக்கை இல்லை.