பெயின்ட் மாறினாலும் பிடிபடும் ஆல்கோ இன்ஜின்

கோலாலம்பூரில் இருக்கும் மாமா மகன் தன் பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தான். ஒன்றில் ஒரு டீசல் இன்ஜின். எழும்பூரில் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) ஓடிய நாட்களில் பார்த்த முகமாச்சே! ஒய்டிஎம்4 என்ற மீட்டர் கேஜ் டீசல் வகைதான். 1990களில் மலேசிய ரயில்வே இவற்றை இந்தியாவிலிருந்து வாடகைக்கு எடுத்து ஓட்டியது. நம்மூர் இன்ஜின்கள் வேறு எங்கெல்லாம் போயின என்று தேட ஆரம்பித்தது அப்படித்தான்.

நிறத்தை நம்பிப் பயனில்லை, போன இடத்தில் முதலில் அடிப்பதே பெயின்ட்தான். நான் முதலில் பார்ப்பது தண்டவாள அகலம். மீட்டர் கேஜ் என்றால் மலேசியா, மியான்மர், தான்சானியா பக்கம் தேடலாம். 1676 மி.மீ. பிராட் கேஜ் என்றால் இலங்கை, வங்கதேசம். 2020ல் இந்தியா வங்கதேசத்துக்குக் கொடுத்த 10 இன்ஜின்களும் பிராட் கேஜ்தான்.

அப்புறம் சக்கரங்கள். கொருக்குப்பேட்டையில் முன்பு எடுத்து வைத்திருந்த டபிள்யூடிஎம்2 (பிராட் கேஜ் டீசல் வகை) படங்கள் இங்கே கைகொடுத்தன. இன்ஜினுக்கு அடியில் உள்ள ஒவ்வொரு சக்கரத் தொகுதியிலும் மூன்று அச்சுகள். ஆனால் இடைவெளி சமமில்லை, இரண்டு நெருங்கியும் ஒன்று தள்ளியும் இருக்கும். அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் பழைய பாணி இது. இலங்கையின் எம்8 இன்ஜின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதே அமைப்பு. அது 1996ல் வாரணாசி டீசல் இன்ஜின் தொழிற்சாலையிலிருந்து புதிதாகவே போனது.

ஆல்கோ 1969ல் கடையைக் கட்டிவிட்டது. அதன் பிறகும் வாரணாசி அதன் 251 வகை டீசல் எந்திரத்தை விடாமல் செய்துகொண்டிருந்தது. அதனால் உருவத்தை வைத்து 'ஆல்கோ' என்று சொல்லிவிடலாம், யார் கட்டியது என்று சொல்ல முடியாது. ஒய்டிஎம்4 குடும்பத்திலேயே அமெரிக்கா, கனடா, வாரணாசி என மூன்று பிறப்பிடம் உண்டு. தயாரிப்புத் தகடு தெரியும் படம் கிடைத்தால் யோகம்.

வியட்நாம் கொஞ்சம் குழப்பியது. அங்குள்ள டி13இ அச்சு அசலாக நம் ஒய்டிஎம்4 மாதிரி. மீட்டர் கேஜ் வேறு. ஆனால் அது பழைய சரக்கு இல்லை, இந்தியாவில் அவர்களுக்கென்றே செய்தது. பெயரில் 13 என்பது 1300 குதிரைத்திறன், 'இ' என்பது மின்வழி இயக்கம், அதாவது டீசல் எந்திரம் தயாரிக்கும் மின்சாரம் சக்கரங்களைச் சுழற்றும்.

வீடியோ என்றால் வேலை சுலபம். ஓட்டுநர் வேகத்தைக் கூட்டியதும் டீசல் உடனே கூடுதலாகப் பாயும்; எந்திரத்துக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ சுழன்று அதற்கேற்ற காற்றைத் தரச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் கரும்புகை குபுகுபுவென்று கிளம்பும். ஆல்கோ ரசிகர்களுக்கு இது ஒரு திருவிழா, ஸ்டேஷன் பக்கம் துணி காயப்போட்டவர்களுக்கு வேறு மாதிரி.

இப்போது மியான்மர் படங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். சீன இன்ஜின்களும் அங்கே நிறைய, ஆகவே தகடுகளைத்தான் தேட வேண்டும்.