மடுவுக்குப் போன தோடு

குருநகரிலிருந்து விடியப்புறம் மூன்றரைக்கு வான் வெளிக்கிட்டது. பின் சீற்றில் அரிசி, பருப்பு, இரண்டு சட்டி, ஒரு பாய்க்கட்டு, அம்மாவின் மருந்துப் பை. மன்னார்ப் பக்கக் காட்டுக்குள் இருக்கிற மடு மாதா கோயிலின் ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு இரண்டு நாள் முந்திப் போகாவிட்டால் அங்கே மரநிழல் கிடைக்காது என்பது அம்மாவின் கணக்கு. பெரும்பாலானவர்கள் ஏ9 வீதியால் வவுனியா சுற்றிப் போவார்கள். நாங்கள் பூநகரி வழியாக ஏ32 வீதியைப் பிடித்தோம். இலுப்பைக்கடவைப் பக்கம் சின்னம்மாவை ஏற்ற வேண்டும்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. துன்பத்திலும் ஆண்டவரை மகிமைப்படுத்தி வாழ்கிறவர்களைப் பற்றி எங்கள் பங்கின் திருவிழா மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். சின்னம்மாவை விட்டால் வேறு யார்? புருஷனை முள்ளிவாய்க்காலில் பறிகொடுத்தவர், ஒருநாளும் செபமாலை தவறாதவர். தலைப்புக்கூட மனதில் எழுதி வைத்திருந்தேன். அதை இங்கே சொல்லப் போவதில்லை, வெட்கமாக இருக்கிறது.

சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறும்போது கிழக்கு வெளுத்தது. 2011இல் பாலம் திறப்பதற்கு முன் இந்தப் பக்கம் வந்துபோனதைப் பற்றி அம்மா சொல்லத் தொடங்கினால் முழங்காவில் வரைக்கும் முடியாது, முடியவுமில்லை. சோளகக் காற்று வானைப் பக்கவாட்டில் தள்ளியது. நாச்சிக்குடாப் பக்கம் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தோம். பக்கத்தில்தான் இரணைமாதாநகர். 1992இல் இரணைதீவிலிருந்து எழுப்பப்பட்ட மீனவக் குடும்பங்கள் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்தக் கரையில் இருந்துகொண்டு தங்கள் தீவைக் கேட்டார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்து, 2018 ஏப்ரலில் தாங்களே படகுகளில் ஏறிப் போய்த் தங்கள் மாதா கோயிலடியில் இறங்கினார்கள். மலருக்கு அவர்களைப் பற்றியும் எழுதலாம்தான். ஆனால் தேத்தண்ணி முடிந்துவிட்டது, சாரதித் தம்பி ஹோன் அடிக்கிறான்.

வெள்ளாங்குளம் தாண்டியதும் கடற்பக்கம் தேவன்பிட்டிக்குப் பிரிகிற பாதை. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். 2008 ஏப்ரலில் சண்டை மடுவை நெருங்கியபோது மாதாவின் சொரூபத்தைக் கோயிலிலிருந்து எடுத்து இந்தத் தேவன்பிட்டிக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஓகஸ்டில் அது திரும்பவும் மடுவுக்குப் போனது. அதே மாதங்களில் இந்தக் கரைச் சனமெல்லாம் எதிர்ப்பக்கமாக, வடக்கும் கிழக்குமாக நடந்துகொண்டிருந்தது.

சின்னம்மா படலையடியில் நின்றார். வெள்ளைச் சேலை, கையில் ஒரே ஒரு பை. ஏறியதும் அம்மாவிடம் முதலில் கேட்டது, "உப்பு எடுத்தனியோ?"

எடுக்கவில்லை.

விடத்தல்தீவு கழிந்தபோது, நான் மெல்லக் கட்டுரைக் கதையைத் தொடங்கினேன். யோபு ஆகமத்தை இழுத்தேன். எல்லாம் போன பிறகும் யோபு ஆண்டவரை விடவில்லை, ஆண்டவர் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தார், என்றெல்லாம். சின்னம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ஆடு மாடு இரட்டிப்பாய்க் கிடைச்சது, சரி. பிள்ளையள்? அது வேறை பிள்ளையள்தானே, தம்பி," என்றார். அவ்வளவுதான். அவரது மூத்த மகன் வலைஞர்மடத்தில் காணாமல் போனவன்.

மாந்தைச் சந்தியில் இறங்கிக் கால் ஆறினோம். மடு மாதாவின் கதை தொடங்குகிறது இங்கேதான். ஒல்லாந்தர் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்து, கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். மாந்தையில் இருந்த சொரூபத்தை 1670 அளவில் சில குடும்பங்கள் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவர்களும் அங்கே சேர்ந்தார்கள். அந்தக் காடுதான் மருதமடு. யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தது 1687இல். அதுவரைக்கும் கிட்டத்தட்ட முப்பது வருடம் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் வீட்டாரேதான். நான் இதைச் சொன்னபோது சின்னம்மா தலையாட்டினார். "எங்களுக்குக் கடைசி வரைக்கும் சுவாமிமார் இருந்தவை. பங்கருக்குள்ளையும் வந்தவை," என்றார்.

கட்டுக்கரைக்குளம் பாதி வற்றிக் கிடந்தது. முருங்கன், மடு வீதி, பிறகு உள்ளே காட்டுப் பாதை. பாலை, வீரை, இடையிடையே நடந்து போகிற சனம், தோளில் பிள்ளைகள். பத்து மணிக்கு இடம் பிடித்தோம்: ஒரு கிழட்டுப் பாலை மரத்தடி. வலப்பக்கம் நீர்கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பம், இடப்பக்கம் மலைநாட்டார். உப்பு சிங்களக் குடும்பத்திடம் வாங்கினோம்.

சாரதித் தம்பி தறப்பாளை இழுத்துக் கட்டத் தொடங்கினான். சின்னம்மா தன் பாயை எடுத்துக்கொண்டு தறப்பாளுக்கு வெளியே போய் விரித்தார். "பனி பெய்யும், சின்னம்மா," என்றேன். "பெய்யட்டும். செட்டிகுளத்திலை மூண்டு வருசம் படுத்தாச்சு, காணும்." செட்டிகுளத்திலிருந்த மெனிக் பாம் அகதி முகாமை 2012 செப்டம்பரில்தான் மூடினார்கள். சின்னம்மா அங்கிருந்து வெளியேறியது அதற்குக் கொஞ்சம் முந்தி.

பின்னேரம் நற்கருணை ஆசீர் முடிந்து திரும்பினோம். வருகிற வழியில் அம்மா குனிந்து ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்தார். பாம்புக் கடிக்கு மடு மண் நல்லது என்பது சைவக்காரரும் நம்புகிற விஷயம். கோயிலைத் திரும்பிப் பார்த்தேன். 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு, இதற்குள் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்மேல் செல் விழுந்து 40 பேரளவில் செத்தார்கள். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் இதே முற்றத்தில் வந்து நின்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சின்னம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

இரவு, புட்டும் சம்பலும் தின்ற பிறகு, அவர் தன் பையிலிருந்து ஒரு கறுப்பு பிலிம் றோல் டப்பாவை எடுத்தார். மூடி இறுகியிருந்தது, பல்லால் கடித்துத் திறந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு சோடித் தோடு. சின்னத் தோடு, சிவப்புக் கல். ஒன்றில் கல் விழுந்து குழி மட்டும் இருந்தது.

"ஆற்றை?"

"ஒரு பிள்ளையின்ரை."

2009 பெப்ரவரி, கடைசிச் சண்டை நேரம். புதுமாத்தளனில் பக்கத்துத் தறப்பாள். அந்தப் பெண்ணின் மகளுக்குக் காலில் காயம். செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் காயக்காரரைத் திருகோணமலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. போகிற வழியில் யார் பறிப்பார்களோ என்று பயந்து, தோட்டைக் கழற்றிச் சின்னம்மாவின் கையில் வைத்து, "அக்கா, உங்களிட்டை இருக்கட்டும், வந்து வாங்குறன்," என்று போனவள். சொந்த ஊர் முத்தையன்கட்டு. சைவக்காரர். பெயரில் பாதிதான் சின்னம்மாவுக்குத் தெரியும், வீட்டில் கூப்பிடுகிற பெயர்.

அதற்குப் பிறகு அரிசிக்குப் பவுண் கொடுத்த காலம் வந்தது. சின்னம்மா முதலில் தன் காப்பைக் கொடுத்தார், பிறகு தாலிக்கொடியைக் கொடுத்தார். தோட்டை உள்பாவாடை ஓரத்தில் வைத்துத் தைத்திருந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் கட்டுரை இதோ கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"நில், தம்பி. நான் நல்லவள் எண்டு எழுதிப் போடாதை," என்றார். "ஒருநாள் தையலைப் பிரிச்சுக் கொண்டு போனனான். சின்னவன் கஞ்சித் தண்ணிக்கு அழுதுகொண்டு கிடந்தான். அந்த யாவாரி அண்டைக்கு அதிலை இல்லை. செல்லடிக்குப் பயந்து எங்கையோ போட்டான்."

"பிறகு?"

"பிறகென்ன, திரும்பி வந்து தைச்சன். அடுத்த நாள் அவன் வந்திருந்தான். நான் போகேல்லை."

"ஏன் போகேல்லை?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. மலைநாட்டார் பக்கம் யாரோ மாதா பாட்டுத் தொடங்கினார்கள். "தைச்சு முடிக்கேக்கை ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொன்னனான். அதுக்குப் பிறகு பிரிக்க மனம் வரேல்லை. வேறை ஒண்டுமில்லை." பிறகு, ஏதோ மறந்ததைப் போல, "சின்னவன் தப்பிட்டான்தானே. தப்பாமல் போயிருந்தால் என்னை நானே மன்னிச்சிருப்பனோ தெரியாது," என்றார்.

அம்மா எதுவும் சொல்லாமல் தன் பாயையும் இழுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் விரித்தார்.

முகாமிலிருந்து வந்த பிறகு சின்னம்மா இரண்டு தரம் முத்தையன்கட்டுக்குப் போயிருக்கிறார். அந்தக் கூப்பிடு பெயரை அங்கே யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் மடு. சைவம், கிறிஸ்தவம் பாராமல் எல்லா ஊர்ச் சனமும் வந்து சேர்கிற இடம் வன்னியில் வேறு எது, என்பது அவரது கேள்வி. ஒவ்வொரு ஓகஸ்டும் டப்பாவோடு வருகிறார். பூசை, பவனி எல்லாம் உண்டு, ஆனால் அவர் அதிகநேரம் இருப்பது தண்ணீர்க் குழாயடியில். யாராக இருந்தாலும் தண்ணீருக்கு வந்துதானே ஆக வேண்டும்.

மலருக்குக் கட்டுரை கொடுக்கவில்லை. பாதரிடம் நேரமில்லை என்று பொய் சொன்னேன்; அதற்கும் சேர்த்துத்தான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலை நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரோடு போனேன். குழாயடியில் நீண்ட வரிசை. சின்னம்மா வரிசையில் நிற்கவில்லை, பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் ஒரே கேள்வி: "எந்த ஊர், பிள்ளை?" ஆண்டாங்குளம். பேசாலை. ஹட்டன். ஒருவர் சிலாபம் என்று சிங்களத்தில் சொன்னார். பதினொரு மணியளவில், நெற்றியில் திருநீற்றோடு ஒரு பெண் இரண்டு போத்தலோடு வந்தாள். முப்பது வயதிருக்கும், ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். சின்னம்மா எழுந்தே விட்டார்.

"எந்த ஊர், பிள்ளை? முத்தையன்கட்டோ?"

"இல்லை அம்மா, ஒட்டுசுட்டான்."

சின்னம்மா கல்லில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். "பக்கத்து ஊர்தானே. இரு பிள்ளை, ஒரு கதை கேக்க வேணும்."