ஆயில் லீக்கும் ஒரு அட்டைப்பெட்டியும்

எங்கூட்டு ஓனரம்மா போர்டிகோவுல புதுசா பேவர் கல்லு போட்டு ஆறு மாசம் கூட ஆகல. ஒரு நாள் காலைல கேட்டத் திறக்கறேன், "ஏங்கண்ணு, உங்க வண்டி என்ன ராத்திரியில ஒண்ணுக்குப் போகுதா, கல்லெல்லாம் கறுப்பா கெடக்குது"ன்னாங்க. குனிஞ்சு பாத்தா உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை, நடுவுல இன்னும் காயாத ஒரு சொட்டு. விரல்ல தொட்டுத் தேய்ச்சுப் பாத்தேன், வழுவழுன்னு கருப்புக் காபி கலர்ல, இன்ஜின் ஆயிலேதான்.

வண்டி 2010 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 96 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, 2016ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. இது வரைக்கும் பெருசா தொந்தரவு குடுத்ததில்ல. யோசிச்சுப் பாத்தா அது ஒரு மாசமாவே சொல்லிட்டுத்தான் இருந்திருக்கு, சிக்னல்ல நிக்கும்போது ஏசி வழியா லேசா ஒரு எண்ணெய் கருகற வாடை வரும், நான் முன்னாடி நிக்கற லாரி மேல பழியப் போட்டுட்டு கண்ணாடிய ஏத்திட்டு இருந்தேன்.

அன்னைக்கு ராத்திரி பழைய டிவி வந்த அட்டைப்பெட்டியப் பிரிச்சு வண்டிக்கு அடியில விரிச்சேன். செலவில்லாத டெஸ்ட், எத்தனை சொட்டு, எந்த எடத்துல, என்ன கலர்னு காலைல தெரிஞ்சுரும். பச்சையோ ரோஸோ இருந்தா கூலன்ட், செவப்பா இருந்தா பவர் ஸ்டீயரிங் ஆயிலா இருக்கலாம், வெறும் தண்ணியா இருந்தா ஏசி தண்ணி, அதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். எனக்கு ஏழு கறுப்புச் சொட்டு, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற எடத்துக்கு நேர் கீழ. ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக் குச்சிய உருவித் தொடச்சு மறுபடி விட்டுப் பாத்தா மேக்ஸ் கோட்டுல இருந்தது பாதிக்கும் கீழ எறங்கிருச்சு. பெரும்பாலான கார்ல மின் கோட்டுக்கும் மேக்ஸ் கோட்டுக்கும் நடுவுல சுமாரா ஒரு லிட்டர், அப்படின்னா ஆயில் மாத்தி 1,200 கிலோமீட்டருக்குள்ள அரை லிட்டருக்கு மேல காணோம். சைலன்ஸர்ல நீலப் புகை இல்ல, அதனால எரியல, வெளியதான் போகுதுன்னு முடிவு பண்ணினேன்.

மொதல்ல ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். ராம்ப்ல ஏத்துனாங்க, அடியில டார்ச் அடிச்சாங்க, ரெண்டே நிமிஷம், "கிராங்க் பேக் சீல் போயிருச்சு சார், கியர்பாக்ஸ் எறக்கணும், எறக்கினா கிளட்ச் செட்டையும் சேத்துப் போட்டுருங்க"ன்னு 18,500 எஸ்டிமேட் கையில குடுத்துட்டாங்க. பேக் சீல்ங்கறது இன்ஜின் தண்டு கியர்பாக்ஸ் பக்கம் வெளிய வர்ற எடத்துல ஆயில் கசியாம தடுக்கற வளையம். பானட்டத் திறக்கவே இல்ல. அதுதான் எனக்கு உறுத்துச்சு. எங்க மச்சான் போன்ல, "20 டபிள்யூ 50 ஊத்துங்க மாப்ள, கெட்டியான ஆயில் ஒழுகாது"ன்னாரு. 5 டபிள்யூ 30 கேக்கற இன்ஜினுக்குக் கெட்டி ஆயில் ஊத்தினா காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மேல வரைக்கும் ஏற லேட்டாகும், லீக் கொறைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் நோய் அங்கயேதான இருக்கும். ஸ்டாப் லீக்னு டப்பாவுல விக்கறாங்களே, அது ரப்பர் சீல ஊற வச்சு உப்ப வைக்கற சமாச்சாரம், விக்கற அன்னைக்கு வேணா ஆகும், வச்சு ஓட்டறவனுக்கு ஆகாதுன்னு என்னோட அபிப்பிராயம். டீக்கடைல ஒருத்தர் ஹெட் கேஸ்கெட்டேன்னு சத்தியம் பண்ணினாரு, ஆனா ரேடியேட்டர் தண்ணியும் சுத்தமா இருக்கு, ஆயில் மூடிக்கு அடியில மோர் மாதிரி வெள்ளையாவும் இல்ல, அதனால அவர விட்டுட்டேன்.

கடைசியா எப்பவும் போற மெக்கானிக் அண்ணன்கிட்டயே போனேன், சின்ன ஷெட்டு, ஒரு கம்ப்ரஸர், ரெண்டு பசங்க. அவர் எட்டிக்கூடப் பாக்கல. "அழுக்கோட பாத்தா எல்லா எடமும் லீக்காத்தான் தெரியும் தம்பி, ஞாயித்துக்கிழமை வெள்ளனா வாங்க, மொதல்ல கழுவுவோம்"னாரு. அன்னைக்கு டீசல் தொட்டு பிரஷ்ல இன்ஜின் பூரா தேய்ச்சு, காத்தடிச்சுக் காய வச்சு, பசங்க முகத்துக்குப் போடற பவுடர் டப்பாவ எடுத்து இன்ஜின் மேல பூசினாரு, பாக்க கல்யாண வீட்டுக் கெழவி மாதிரி இருந்துச்சு. அப்பறம் நீலாம்பூர் பைபாஸ் வரைக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வரச் சொன்னாரு.

வந்து பானட்டத் திறந்தா வெள்ளப் பவுடர்ல ஒரு ஈரக்கோடு. இன்ஜினோட மேல்மூடி, அதான் டேப்பெட் கவர், அதோட பின் மூலையில கசிஞ்சு, கொதிக்கற புகைக்குழாய் மேனிஃபோல்டு மேல ரெண்டு சொட்டு விழுந்து கருகி, மீதி பிளாக்கு வழியா வழிஞ்சு, நேரா இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற பெல் ஹவுஸிங் அடியில போய் நிக்குது. சர்வீஸ் சென்டர்காரங்க பாத்த அதே எடம். எண்ணெய் கீழ எறங்கும், ஓடற காத்துல பின்னால போகும், அதனால ஒழுகற எடம் ஒண்ணு, சொட்டற எடம் ஒண்ணு, மேல இருந்து கீழ தேடிட்டு வரணும்னு அண்ணன் சொன்னப்பதான் எனக்கு வெளிச்சமாச்சு. ஸ்பார்க் பிளக்கக் கழட்டினா மூணாவது குழியில ஆயில் தேங்கி இருக்கு, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா மிஸ்ஃபயர் ஆகியிருக்கும்.

டேப்பெட் கவருக்கு அடியில இருந்த பழைய ரப்பர் பேக்கிங் அப்பளம் மாதிரி ஒடிஞ்சுது. ரப்பருக்கு வயசு ஒரு பக்கம்னா பிசிவி வால்வு இன்னொரு பக்கம், அதக் கழட்டி ஆட்டினா உள்ள கடகடன்னு சத்தம் கேக்கணும், என்னோடது அடைச்சுக்கிட்டு ஊமையா இருந்துச்சு. இன்ஜினுக்குள்ள உருவாகற பிரஷர் அது வழியாத்தான் வெளிய போகணும், அது அடைச்சா சீல், பேக்கிங்னு எது பலவீனமா இருக்கோ அது வழியா ஆயிலத் தள்ளும். இதப் பாக்காம புது பேக்கிங் மட்டும் போட்டிருந்தா மறுபடி அதே கதைதான். அனபாண்டுங்கற அடைப்புப் பசையையும் அண்ணன் கவர் பூரா அப்பல, டைமிங் கவரும் ஹெட்டும் சேர்ற ரெண்டு மூலைல மட்டும் ஒரு பொட்டு வச்சாரு. அப்பிவிட்டா உள்பக்கம் பிதுங்கறது பிஞ்சு, கீழ ஆயில் தேங்கற சம்ப்புக்குள்ள போய் அங்க இருக்கற வடிகட்டி ஸ்ட்ரெய்னர அடைக்குமாம். போல்ட்டையும் சின்ன ஸ்பேனர்ல அலுங்காம குறுக்குக் குறுக்கா டைட் வச்சாரு, அலுமினிய மரை, வேகம் காட்டினா பிச்சுக்கும்.

பிளக் சீலோட பேக்கிங் செட்டு 780, பிசிவி 350, கூலி 600. ஆக 1,730.

மூணு நாள் அட்டை சுத்தமா இருந்துச்சு, நானும் கண்டவங்ககிட்ட எல்லாம் பதினாறாயிரத்துக்கு மேல மிச்சம் பண்ணின கதையச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். நாலாம் நாள் ஒரு சொட்டு. அதே பெல் ஹவுஸிங்குக்கு நேர் கீழ. வயித்தக் கலக்கிருச்சுங்க.

அண்ணன் விரல்ல எடுத்து மோந்து பாத்தாரு. கியர் ஆயிலா இருந்தா கந்தக நாத்தம் மூக்கத் துளைக்கும், இது அப்படி இல்ல, இன்ஜின் ஆயில்தான். மேல இருந்து எதுவும் வழியவும் இல்ல. அப்ப பேக் சீலும் லேசா வேர்க்குது. சர்வீஸ் சென்டர்காரங்க சொன்னது முழுப் பொய்யும் இல்ல, அவங்க ரெண்டாவது லீக்க மொத லீக்குன்னு சொல்லிட்டாங்க, அவ்வளவுதான்.

இப்பத்தான் உண்மையான கேள்வி, இதப் பாக்கறதா விடறதா. சீல் வெல அறுநூறு ரூவாதான், ஆனா அதத் தொட கியர்பாக்ஸ எறக்கணும், அந்தக் கூலிதான் ஆயிரக்கணக்குல வருது. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு டிப்ஸ்டிக்கப் பாத்தேன், கோடு அசைஞ்ச மாதிரியே தெரியல, அதிகம் போனா நூறு மில்லி. வருஷத்துக்கு நான் எட்டாயிரம் ஓட்டினாலும் ஒரு லிட்டர் ஆயில் கூடத் தேவைப்படாது. இன்னொரு பக்கம் கிளட்ச், இது கம்பெனி கிளட்ச்சே, பெடல் இறுகி மேல வந்துருச்சு, இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல எப்படியும் கியர்பாக்ஸ் எறங்கும், அப்ப சீல் போடக் கூலி தனியா கெடையாது. பேக் சீல் ஆயில் கிளட்ச் பிளேட்டுல பட்டா வழுக்குமேன்னு ஒரு பயம் இருந்துச்சு, அதனால குடும்பத்தோட மருதமலைக்குப் போய் அந்த ஏத்தத்துல மூணாவது கியர்ல அழுத்திப் பாத்தேன், இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாம நிக்கல. முருகனுக்கும் ஒரு கும்புடு ஆச்சு.

அப்பறம் ஆர்சி. பதினஞ்சு வருஷம் முடிஞ்சா புதுப்பிக்கணும், 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு அந்த ஃபீஸ் 600ல இருந்து 5,000 ஆயிருச்சு, பசுமை வரி தனி. எக்ஸ்சேஞ்சுல கேட்டா 90 ஆயிரத்துக்கு மேல யாரும் பேசல. அந்த வெலைக்கு இதுக்குச் சமமா ஓடற வண்டி எனக்கு எங்க கெடைக்கும், அதனால விக்கறதில்லன்னு முடிவு, சீல இப்பப் பாக்கறதும் இல்லன்னு முடிவு. ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸ்ல பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்டக் காட்டறதுக்கு முன்னாடி அடிப்பக்கம் மட்டும் ஒருவாட்டி கழுவிக்கணும்.

இதே ஆயில் மேனிஃபோல்டு மேலயே விழுந்துட்டு இருந்தா ஒரு நாள் கூட விட்டிருக்க மாட்டேன், நெருப்போட வெளையாட்டு அது. டைமிங் பெல்ட் இருக்கற வண்டில பெல்ட் பக்கம் நனைஞ்சாலும் அப்படித்தான். அந்த செவப்பு ஆயில் லைட்டு இருக்கே, நெறைய பேர் அத ஆயில் கொறைஞ்சா எரியற லைட்டுன்னு நெனைச்சு "வீட்டுக்குப் போய் ஊத்திக்கலாம்"னு ஓட்டறாங்க, அது பிரஷர் லைட்டுங்க, ஓடும்போது எரிஞ்சா அந்த எடத்துலயே ஆஃப் பண்ணிரணும்.

ஞாயித்துக்கெழமை ஆனா டிப்ஸ்டிக் பாக்கறது இப்ப பல்லு வெளக்கற மாதிரி ஆயிருச்சு. அட்டை இன்னும் அடியிலதான் இருக்கு, வாரத்துக்கு ரெண்டு மூணு சொட்டு. கல்லுல இருந்த கறைக்கு சோப்புத்தூள், சிமெண்டுத் தூள் எல்லாம் போட்டுத் தேய்ச்சும் முழுசாப் போகல, கடைசில ஓனரம்மாவே கடப்பாரைய எடுத்துட்டு வந்து, "தள்ளுங்க கண்ணு"ன்னு அந்த நாலு கல்லையும் நெம்பித் திருப்பிப் போட்டுட்டாங்க.