கம்பியில் கோத்த கடிதங்களைக் கல்லூரியில் சேர்த்தோம்

அப்பச்சியின் (எங்கள் அப்பாவின்) எண்பதாம் கல்யாணத்துக்காகச் செட்டிநாட்டுக் கண்டனூர் வீட்டை ஒழித்து வெள்ளையடித்தபோது, இரண்டாங்கட்டில் அப்பத்தா புழங்கிய அறையில் பெட்டகத்துக்குப் பின்னால் நாலு கடுதாசிக் கம்பிகள் கிடைத்தன. அடியில் வட்டமாக ஒரு மரக்கட்டை, அதில் நட்டுவைத்த நீளக் கம்பி, மேலே கொக்கி. வந்த கடிதத்தை நடுவில் குத்தி இறக்கிவிடுவார்கள். ஐயா (அப்பச்சியின் அப்பா) ரங்கூன் வட்டிக்கடையில் அடுத்தாளாக (உதவியாளராக) இருந்து, பிறகு மேலாள் ஆனவர். 1936 முதல் 1941 வரை அவர் அப்பத்தாவுக்கு எழுதிய அத்தனையும் அந்தக் கம்பிகளில் இருந்தன. எண்ணிப் பார்த்தபோது 312.

அவற்றை ஒரு கல்லூரி நூலகத்தின் ஆவணப் பிரிவில் சேர்த்து முடிக்க எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டில் இப்படி ஒரு கம்பியோ தகரப் பெட்டியோ இருக்கும். அந்த வீட்டுக்காரர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கிடைத்த அன்றைக்கே ஆசையில் ஒரு கம்பியை உருவி, கடிதங்களைப் பிரித்து நீவி, அளவு பார்த்துப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டுவிட்டேன். நல்லது செய்கிறோம் என்றே நினைத்தேன். நூலகர் பார்த்ததும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கம்பியில அடியில இருக்கிறதுதான் முதல்ல வந்தது மேடம். மேல போகப் போக அடுத்தடுத்து வந்தது. தேதி இல்லாத கடிதத்துக்குக்கூட அதை வெச்சு வருஷம் சொல்லலாம்" என்றார். நான் உருவிய கம்பியில் தேதி போடாத கடிதங்கள் பத்தொன்பது. அவை எதற்கு முன், எதற்குப் பின் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் எது கிடைத்தாலும் கிடைத்தபடியே படம் எடுத்துவையுங்கள். நூல் கட்டை அவிழ்க்காதீர்கள், உறையையும் கடிதத்தையும் பிரிக்காதீர்கள். செல்லோ டேப் ஒட்டுவதும் லாமினேஷன் போடுவதும் கூடவே கூடாது. ஒட்டுப் பசை தாளைப் பழுப்பாக்கிவிடும், லாமினேஷனைப் பிறகு எடுக்கவே முடியாது.

இதற்கிடையில், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் எடுக்கும் ஒருவர் கேள்விப்பட்டு வந்தார். தபால்தலை ஒட்டிய உறைகள் மட்டும் போதும், நல்ல விலை தருகிறேன் என்றார். சித்தப்பா, "உறையைக் குடுத்துட்டுக் கடுதாசியை வெச்சுக்கிட்டா என்னாத்தா?" என்று என்னைக் கேட்டார். உறையில்தான் தபால் முத்திரை இருக்கிறது, யுத்தகாலத்தில் தணிக்கையில் பிரித்துத் திரும்ப ஒட்டிய சீட்டு இருக்கிறது என்று காட்டினேன். சரி என்று விட்டுவிட்டார்.

பங்காளிகளின் சம்மதம் வாங்கத்தான் நாலு மாதம் ஆனது. எங்கள் வீட்டில் ஐந்து புள்ளி, அதாவது பங்குள்ள ஐந்து குடும்பம். ஒருவர் கோலாலம்பூரில், இருவர் சென்னையில். எங்கள் வழக்கப்படி, கட்டிக்கொடுத்த பெண்ணான எனக்கு அந்த வீட்டில் பங்கு இல்லை. ஆக, ஓடியாடியது நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அப்பச்சியும் சித்தப்பாக்களும். "நம்ம வீட்டு விஷயத்தை ஊரான் படிக்கணுமா?" என்று எல்லாரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொன்னேன். ஊர் ஊராகத் தேடிப் புத்தகமும் பத்திரிகையும் நோட்டீஸும் சேர்த்தவர். அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அதைக்கொண்டுதான் 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வீட்டில் இருந்ததை வைத்து இன்றைக்கு எத்தனையோ பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள். கோலாலம்பூர் சித்தப்பா அதற்குப் பிறகு மறுத்துப் பேசவில்லை.

கல்லூரியில் முதலில் பெட்டியை உள்ளேயே விடவில்லை. பூச்சி இருந்தால் மற்ற ஆவணங்களுக்கும் பரவும் என்று பிளாஸ்டிக்கில் சுற்றித் தனி அறையில் ஒரு மாதம் வைத்துவிட்டார்கள். பிறகு மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தூசி தட்டினார்கள்.

மீதி மூன்று கம்பிகளைக் கழற்றிய நாளில் நான் உடன் இருந்தேன். துரு ஏறிக் கம்பியும் தாளும் ஒட்டிக்கிடந்தன. மேல்வழியாக உருவினால் கிழியும் என்று, மரக்கட்டையை ஒட்டிக் கம்பியைக் குறட்டால் வெட்டி, அடியிலிருந்து ஒவ்வொன்றாக நகர்த்தி எடுத்தார்கள். எடுக்க எடுக்க மூலையில் மெல்லிய பென்சிலால் எண். ஒவ்வொரு கடிதத்தின் நடுவிலும் செங்கல் நிறத்தில் ஒரு வளையம், அதற்குள் ஓட்டை. அந்த ஓட்டையில் எப்போதும் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்தோ போயிருக்கும். "பையனை ... டிக்காமல் வளர்க்கவும்" என்று ஒரு வரி. அடிக்காமலா, கடிக்காமலா என்று மேசையைச் சுற்றி நின்ற நாங்கள் எல்லாரும் யோசித்தோம். அந்தப் பையன் எங்கள் அப்பச்சி.

சில கடிதங்கள் ஊதாப் பென்சிலில் எழுதியவை. காய்ந்திருக்கும்வரை சாம்பல் நிறம். ஈரம் பட்டால் ஊதாவாகிக் கரைந்து பரவும். அதனால் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் இருப்பவர்கள் இத்தகைய தாளைத் தொடவே கூடாது.

அட்டவணை போடும் வேலையில் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கடிதங்கள் எல்லாம் 'உ சிவமயம்' என்று தொடங்கும். தேதி 'விஷு௵ கார்த்திகை௴ 20௳' என்று இருக்கும். வருஷம், மாதம், நாளுக்கான இந்தக் குறிகளை இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. விஷு என்றால் 1941 சித்திரையிலிருந்து 1942 பங்குனி வரை. ஆக அந்தக் கடிதம் 1941 டிசம்பர் முதல் வாரத்தில் எழுதியது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் பழைய தாள்களில் கவனம் வேண்டும். எங்கள் பெட்டியில் இருந்த ஓர் இசைகுடிமானத்தில் (கல்யாண ஒப்பந்த ஓலையில்) பிரமாதி வருஷம் என்று மட்டும் இருந்தது. அது 1879-ஆ 1939-ஆ என்பதை அதில் கையெழுத்திட்ட பங்காளிகளின் விலாசத்தை (பெயருக்கு முன்னால் போடும் குடும்ப எழுத்துகளை) வைத்துத்தான் முடிவு செய்தோம். அந்த விலாச எழுத்துகளைப் பார்த்ததும் அப்பச்சி, "இது எங்க பெரிய ஐயா காலம், பழசு" என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டார். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே இந்த வேலையைச் செய்துவிடுங்கள்.

ஒப்படைப்புப் பத்திரம் நாலு பக்கம். கொடையாகவா, பாதுகாக்க மட்டுமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். நாங்கள் கொடையாகவே கொடுத்தோம். கல்லூரியால் வைத்திருக்க முடியாத நிலை வந்தால் இன்னொரு பொது நூலகத்துக்குப் போகவேண்டும், விற்கக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார்கள். பதிப்புரிமை பற்றி எனக்கு அதுவரை தெரியாது. தாள் யாருக்கு வந்ததோ அவருக்குச் சொந்தம். அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை, 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுதியவருக்கு, அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கு. ஐயா எழுதியவற்றுக்கு நாங்களே அனுமதி கொடுத்தோம். வேற்றார் எழுதியவை பதினொன்று இருந்தன. அவற்றைப் படிக்கலாம், அச்சிட முடியாது என்று குறித்தோம்.

ஆறு கடிதங்களை முப்பது வருஷத்துக்கு மூடிவைக்கச் சொன்னோம். கடன் வாங்கித் திருப்பாத ஒரு குடும்பத்தின் பெயர் அவற்றில் வருகிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னமும் இங்கேதான் இருக்கிறார்கள். நம் வீட்டுத் தாளை நாம் கொடுக்கலாம், அடுத்த வீட்டு மானத்தைக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது. நூலகரும் அதை உடனே ஒத்துக்கொண்டார்.

கடைசியில் ஸ்கேன். வேலைக்கு வந்த தம்பி வேகமானவர். பின்பக்கம் வெற்றாக இருக்கும் என்று முன்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டே போனார். அவர் மேல் குற்றமில்லை, பின்பக்கத்துக்குத் தனியாகப் பணம் பேசவில்லை. நான் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டு எடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பால் கணக்கு, சலவைக் கணக்கு, ஒரு பக்கத்தில் கோலத்துக்கான புள்ளிகள் என்று வந்துகொண்டிருந்தது. அந்த விஷு வருஷக் கார்த்திகைக் கடிதத்தைத் திருப்பியபோது பென்சிலில் ஐந்து வரி இருந்தது.

ரங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23-ஆம் தேதி. ஐயா ஊர் வந்து சேர்ந்தது சித்திரபானு வருஷம் வைகாசியில், நிலவழியாக, கட்டிய வேட்டியோடு. அப்பத்தா அவருக்கு எழுதிய பதில்கள் ரங்கூன் மொகல் தெருவில் வட்டிக்கடை இருந்த கிட்டங்கியிலேயே போயிற்று. அப்பத்தாவின் கையெழுத்தில் ஒரு வரிகூட எங்களிடம் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். இது பதிலுக்கு எழுதிப்பார்த்த நகல். மாடு கன்று போட்டிருக்கிறது, பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, ஊரில் எல்லாரும் யுத்தம் என்கிறார்கள், பெட்டியடிக் கணக்கை (கடைக் கணக்கை) யாரிடமாவது விட்டுவிட்டு எந்தக் கப்பல் கிடைத்தாலும் வரவும். ஐந்தாவது வரியில் துரு ஓட்டை. அதற்குப் பிறகு இரண்டு எழுத்துத்தான் தெரிகிறது.

நூலகர் அட்டவணையைத் திறந்து, அந்த எண்ணுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார். முன்பக்கம், எழுதியவர்: ஐயாவின் பெயர். பின்பக்கம், எழுதியவர் என்று அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பத்தாவின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.