விலாங்கும் சூஷியும்

அணைக்கரையில் இன்று காலை அலுமினியச் சட்டியில் மூன்று விலாங்கு.

மீன்காரம்மா ஒரு கை சாம்பலை அள்ளிப் போட்ட பிறகுதான் பிடியே கிடைத்தது. அப்படி ஒரு வழுவழுப்பு.

ஜப்பானில் சோறும் மீனும் சேர்த்துச் செய்யும் சூஷியில் 'உனாகி' என்று வருவது இதன் சொந்தக்காரன்தான். சூஷி என்றாலே பச்சை மீன் என்று நினைக்கிறோம். உனாகி வெந்துதான் வரும். விலாங்கின் ரத்தத்தில் நஞ்சு உண்டு, நன்றாகச் சூடுபட்டால்தான் முறியும். அறுக்கும்போது கண்ணில் தெறித்தாலே எரிச்சல் எடுக்கும்.

டோக்கியோ பக்கம் முதுகில் கீறி, சுட்டு, ஆவியில் வேகவைத்து, இனிப்பான சோயா சாறு தடவி மறுபடி சுடுவார்கள். பஞ்சு மாதிரி இருக்கும். ஒசாகா பக்கம் வயிற்றில் கீறி நேரே தணலுக்கு. தோல் மொறுமொறுக்கும். எனக்கு இதுதான் சரி என்று படுகிறது.

ஒன்று மட்டும் வேண்டாம். விரால், கெளுத்தியை வாங்கி வீட்டில் பச்சையாகச் சூஷி சுற்றாதீர்கள். ஆற்று மீனில் மனிதருக்குத் தொற்றும் புழுக்கள் இருக்கலாம். எலுமிச்சையோ வினிகரோ அவற்றைக் கொல்லாது. பச்சையாகச் சாப்பிடும் மீனை -20 டிகிரியில் 7 நாள் உறையவைக்கச் சொல்கிறார்கள். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போகாது.

விலாங்கு கிடைத்தால் கல்லுப்பு போட்டுத் தேய்த்து, வழுவழுப்பு போகக் கழுவி, தோல் பக்கம் முதலில் தணலில் காட்டுங்கள்.